கம்ப்ரசரைக் கழற்றிய செவ்வாய்க்கிழமை

என் மனைவியின் உடம்பில் பாதிக்கு வேர்க்காது. தொடையிலிருந்து உரித்துக் கழுத்திலும் மாரிலும் கைகளிலும் ஒட்டிய தோல் அது. வெயிலில் போனால் சூடு உள்ளேயே நின்று மயங்கி விழுந்துவிடுவாள், ஏசி உள்ள வண்டியில்தான் கூட்டிவர வேண்டும் என்று மதுரை ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். அதற்காகவே அந்தப் பழைய வெள்ளைக் காரை வாங்கினேன். எனக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டிய வண்டி.

நான் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறேன். ஊர் ஊராய்ப் போய் ஆட்களை ஏற்றிக் காலையில் இறக்கிவிடுவேன். வெடித்த அன்றைக்கு அவளையும் நான்தான் இறக்கிவிட்டேன். பதினோரு மணி இருக்கும், வேனுக்கு அடியில் படுத்து கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். முதலில் தரை என் முதுகில் குத்தியது. அப்புறம்தான் சத்தம். எழுந்து ஓடும்போது செங்கல் துண்டும் ஒற்றைச் செருப்பும் வானத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தன. அவள் வேலை பார்த்த, வெடிமருந்து செலுத்துகிற ரூம் இருந்த இடத்தில் ரூம் இல்லை. அவள் தன் காலாலேயே நடந்து எனக்கு எதிரே வந்தாள், இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு. கையில் துணி கிழிந்து தொங்குகிறது என்று நினைத்துப் பிடித்தேன். துணி இல்லை.

மாரியாத்தா உயிரைத் திருப்பிக் கொடுத்தாள். விரல் பத்தும் இருக்கிறது, ஒன்றும் மடங்காது. ஒட்டி இறுகிய விரலைப் பிரித்துவிட ஆபரேஷன் செய்வதாகப் பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை குறித்துக் கொடுத்தார்கள். அன்றைக்கு விட்டால் அடுத்த முறை எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள்.

அதே பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் மாரியம்மனுக்கு அக்கினிச் சட்டி எடுப்பதாக நேர்ந்து காப்பும் கட்டிக்கொண்டேன். அவளிடம் கேட்கவில்லை. கயிற்றைப் பார்த்துவிட்டு, "நான் வெந்தது பத்தாதுன்னு நீங்களும் தீயை ஏந்தப் போறீகளாக்கும்" என்றாள். காப்புக் கட்டினவன் கோபப்படக்கூடாது, கடுஞ்சொல் சொல்லக்கூடாது, கை நீட்டக்கூடாது.

ஆபரேஷனுக்கு மூன்று நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, சூலக்கரை தாண்டியதும் இன்ஜின் பக்கம் ஒரு அலறல். ரப்பர் கருகுகிற நாற்றம். முன்னால் புகை. அவள் முழங்கையால் கதவைத் திறந்து ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கப் பாய்ந்தாள். பாதி உடம்பு வெளியே போனபிறகுதான் சேலையைப் பிடித்தேன். அப்படியே ரோட்டில் கொஞ்ச தூரம் இழுபட்டாள். முழங்கால் தோல் போய்விட்டது.

வண்டியை உருட்டிக்கொண்டு போய் பக்கத்து ஒர்க்ஷாப்பில் விட்டோம். போன வருசம் இந்த வண்டி ஏசிக்குக் கேஸ் ஏற்றிக் கொடுத்தவன்தான் அந்த மெக்கானிக். என்னைவிட இளையவன். ஏசி கம்ப்ரசரின் முன்வட்டைக் கையால் சுற்றிப் பார்த்தான், அசையவில்லை. உள்ளே இறுகிப்போச்சு, அது இறுகினதால்தான் பெல்ட் தேய்ந்து புகைந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும் என்றான். என்ன மாடல் என்று பார்த்தால் மேலே ஒட்டியிருந்த லேபிள் சூட்டில் கருகி ஒரு எழுத்தும் தெரியவில்லை. கழற்றித்தான் அடையாளம் பார்க்க வேண்டும் என்றான்.

அவளை மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார வைத்து ஈரத்துண்டைப் போர்த்தினேன். அவன் பைப் நட்டைத் தளர்த்தினான். புஸ்ஸென்று கேஸ் போனது. கீழ்ப் போல்ட்டு துருப்பிடித்து வரவில்லை. ஸ்பேனர் வழுக்கி இரண்டு தரம் கையைக் கிழித்துக்கொண்டான். கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே போய் போல்ட்டைச் சூடேற்ற கேஸ் டார்ச்சை எடுத்து வந்து, குத்தவைத்து உட்கார்ந்து, லைட்டரைத் தூக்கினான்.

அவள் எழுந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தபோது அவன்மேல் விழுந்து கிடந்தாள். பிடுங்க விரல் மடங்காதல்லவா, அவன் மணிக்கட்டைப் பல்லால் கவ்வியிருந்தாள். அவன் கத்தினான். லைட்டர் விழுந்தபிறகும் விடவில்லை. நான்தான் பிரித்தேன். வாயெல்லாம் அவன் ரத்தம்.

"அடுப்புக் கேஸு" என்றாள். "தரை பூராம் நிக்கிது."

அப்போதுதான் எனக்கும் மூக்கில் ஏறியது. ஏசிக் கேஸுக்கு இந்த வாடை கிடையாது. அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்குத் தெரிந்திருந்தது. போன வருசம் சமையல் சிலிண்டரிலிருந்து பிடித்து ஏற்றியிருக்கிறான். அதை மறந்துபோய் இப்போது நெருப்பை எடுத்திருக்கிறான். ஒரு வருசமாக அந்த வண்டியில் என் மனைவியை உட்கார வைத்து நான் ஓட்டியிருக்கிறேன்.

"குளுந்தா வரட்டும்னுதாண்ணே போட்டேன்" என்றான்.

ஆணியில் ஒரு பழைய இன்ஜின் பெல்ட் தொங்கியது. அதை எடுத்து மூஞ்சியிலேயே அடித்தேன். உதடு பிளந்தது. குனிந்தான், முதுகில் அடித்தேன். எத்தனை என்று தெரியாது. பெல்ட்டைப் போட்டுவிட்டுத் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினேன். அவன் திருப்பி அடிக்கவில்லை, அது எனக்கு இன்னும் வெறியைத்தான் ஏற்றியது. அன்றைக்கு அவனைக் கொன்றிருப்பேன். அந்த ஆத்தாளுக்குத் தெரிந்ததை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவள் நடுவே வந்து, மடங்காத இரண்டு கையையும் என் நெஞ்சில் வைத்துத் தள்ளினாள்.

"இவன் செத்தா யாரு களத்துவா? வெள்ளிக்கெளம எனக்கு ஆப்பரேசன்."

என் கை நின்றது. மஞ்சள் காப்புக் கயிறு சிவந்திருந்தது.

அவனைப் பார்த்து, "எந்திரிலே, மூஞ்சியக் களுவிட்டு வா" என்றாள். அதற்குமேல் அந்த ஒர்க்ஷாப்பில் அவள் வைத்ததுதான் சட்டம், மருந்து ரூமில் மாதிரி. ஒருத்தரும் சுவிட்சைத் தொடக்கூடாது, ஓடுகிற விசிறி ஓடட்டும். இரும்பில் இரும்பு படக்கூடாது. கதவு இரண்டையும் திறந்துபோட்டு, நானும் அவனும் ஆளுக்கொரு முனையாக ஒரு சாக்கைப் பிடித்துத் தரையோடு விசிறி கேஸை வெளியே தள்ளினோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. வாடை அடங்கின பிறகு போல்ட்டில் எண்ணெய் விட்டு, கட்டையை வைத்துத் தட்டித் தட்டி, ஒரே ஸ்பேனரை இரண்டு பேரும் இழுத்தோம். மத்தியானம் கழன்றது.

சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் போன மாதத் தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டான். கம்ப்ரசரை அதன்மேல் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டான். போல்ட்டுக் காது நாலு, புல்லிச் சக்கரத்தில் வரி அஞ்சு, பைப் வாய் இரண்டும் பின்பக்கம் என்று எழுதினான். எழுதும்போது உதட்டிலிருந்து தாளில் சொட்டியது. துடைத்துக்கொண்டு எழுதினான். மறுநாள் அந்தத் தாளோடு மதுரைக்கு பஸ் ஏறினான். கொண்டுவந்ததில் எல்லாம் பொருந்தியது, பைப் வாய் மட்டும் மேல்பக்கம் இருந்தது. அவனே அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிப் போய்ச் சரியானதைக் கொண்டுவந்தான்.

வியாழக்கிழமை முழுக்க வேலை. பழைய கம்ப்ரசர் அரைத்துத் தள்ளிய இரும்புத்தூள் பைப்பெல்லாம் கிடந்தது. அதைக் கழுவாமல் புதுசை மாட்டினால் அதுவும் இறுகிவிடும் என்று ஒவ்வொரு பைப்பாகக் கழுவினான். கடைசியில் கேஸ் டப்பாவை அவள் முகத்துக்கு நேரே கொண்டுபோய், "மோந்து பாருங்கக்கா" என்றான். அவள் மோந்து பார்த்துத் தலையாட்டின பிறகுதான் ஏற்றினான்.

வெள்ளிக்கிழமை அவனும் கூட வந்தான், வழியில் நின்றுபோனால் பார்க்கலாம் என்று. வீங்கின மூஞ்சியோடு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தான். கம்ப்ரசர் டக்கென்று பிடிக்கும்போதெல்லாம் அவள் தூக்கிப்போட்டதுபோல் பதறினாள். "அது நல்ல சத்தந்தாங்கா" என்று ஒவ்வொரு தரமும் அவன் சொன்னான். திருமங்கலம் வரும்போது தூங்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிள்ளை எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, யாருக்கு ஆபரேஷன் என்று கேட்டது. மணிக்கட்டில் என்ன கடி என்று அவனிடம் கேட்டபோது, "நான் கடிச்சதுதாம்மா" என்றாள் என் மனைவி.

அக்கினிச் சட்டி எடுக்கவில்லை. அடித்த கையில் எடுக்க எனக்கே மனம் வரவில்லை, அவளும் வேண்டாமென்றாள். அம்மன் சன்னதியைச் சுற்றி உருண்டு மன்னிப்புக் கேட்டேன். மற்றவர்கள் காப்பை அவிழ்த்த அன்று நான் அவிழ்க்கவில்லை.

அவள் கைக்கட்டைப் பிரித்து ஒரு மாதம் கழித்து, காப்பை நானே அவிழ்க்கிறேன் என்றாள். இப்போது பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும் சேரும். ரத்தம் காய்ந்து முடிச்சு கல்லாகியிருந்தது. இரண்டு தரம் நழுவவிட்டாள். நான் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தேன்.