நான் துறந்ததாகச் சொல்லப்படும் பதவி உயர்வு

நான் எதையும் தியாகம் செய்யவில்லை. இத்தனை ஆண்டுகளாக எல்லோரையும் ஏமாற்றி வந்திருக்கிறேன்.

இராஜபாளையத்தில் ஓர் அரசு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். கிளார்க்காகவே ஓய்வு பெறப்போகிறேன். அதிகாரியானால் எங்கள் ஊழியர் சங்கத்தை விட்டு விலகியாக வேண்டும். அதனால், உறுப்பினர்களுக்காகப் பதவி உயர்வையே உதறியவர் என்று மேடைக்கு மேடை என்னைப் புகழ்வார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு, ரொம்ப அடக்கமானவன்போல உட்கார்ந்திருப்பேன்.

உண்மை என்ன தெரியுமா? எனக்குக் கைதட்டல் பிடிக்கும்... என் அப்பா மில் தொழிலாளி. எந்தக் கூட்டத்திலும் கடைசி வரிசையில் நின்றே பழகியவர். அவர் மகன் சங்கச் செயலாளராகி மைக்கைப் பிடித்ததும், அதை விட மனம் வரவில்லை. அதிகாரியானால் மாற்றலாகிப் போய் வடக்கே ஏதோ ஓர் ஊரில், என்னை யாரென்றே தெரியாத மனிதர்கள் நடுவில் விழித்துக்கொண்டிருப்பேன். அந்தப் பயத்தில்தான் வேண்டாம் என்றேன். இதற்குத் தியாகம் என்றா பெயர்?

ஆனால் நான் உழைக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கிளைகளைக் கூட்டிப் பெருக்கும் பெண்கள் காலமெல்லாம் தற்காலிகம் என்ற பெயரிலேயே இருந்தார்கள். அவர்களை நிரந்தரமாக்கச் சொல்லி, ஸ்ரீவில்லிபுத்தூர் கிளை வாசலில் வெயிலில் உட்கார்ந்தோம். வத்திராயிருப்பிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்தார்கள். மேலிடம் மிரட்டியது, ஆசை காட்டியது. நான் அசையவில்லை. சென்ற வாரம் ஜெயித்தோம்! அத்தனை பேரும் நிரந்தரம்.

இந்த வெற்றியில் என்னைவிட மாரீஸ்வரிக்குத்தான் பங்கு அதிகம். அவள் எங்கள் துணைச் செயலாளர். மேனேஜராக வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு படித்துத் தேர்வு எழுதியவள். போராட்டம் சூடுபிடித்த நேரத்தில் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. நேராக என்னிடம் வந்தாள்.

“வேண்டாம்னு சொல்லிட்டேன் அண்ணாச்சி. நீங்க அம்புட்டையும் விட்டுட்டு எங்களுக்காக நிக்கிறிய. நான் மட்டும் போனா நல்லாவா இருக்கும்?”

“ஏம்மா, நான் பயந்துபோய் நின்னவன். நீ போ” என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இவள் போனால் போராட்டம் படுத்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய்யும் அல்ல. ஆனால் என் பேர் கெட்டுவிடுமே என்ற பயம்தான் வாயை அடைத்தது.

நேற்று வெற்றி ஊர்வலம். இராஜபாளையத்தில் கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர் வரை வேனில் வந்தோம். வழியெல்லாம் வெடி, மாலை. நிரந்தரமான பெண்கள் ஒரே நிறத்தில் சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வாழ்க்கையில் வேறென்ன வேண்டும் என்று தோன்றியது.

அந்த இரைச்சலுக்கு நடுவே மாரீஸ்வரி என் பக்கம் குனிந்தாள்.

“பதவி உயர்வுக்கு மறுபடியும் கூப்பிட்டிருக்காக அண்ணாச்சி. இந்தத் தடவையும் வேண்டாம்னா இனி கெடையாதாம். என்ன செய்யட்டும்?”

போராட்டம் முடிந்துவிட்டது. இனி எனக்குச் சொல்லிக்கொள்ளச் சாக்கு எதுவும் இல்லை. வாயைத் திறந்தேன்...

“உன் மனசுக்குப் பட்டதைச் செய்யும்மா.”

அவள் மனதுக்கு என்ன படும் என்று எனக்குத் தெரியாதா?

அவள் சிரித்தாள். மைக்கை வாங்கி, “பதவியை உதறிய எங்கள் அண்ணாச்சி” என்று தொடங்கினாள். கூட்டம் என் பெயரைச் சொல்லி முழங்கியது. காது குளிரக் கேட்டுக்கொண்டிருந்தேன்.