மலை இறங்கிய காது

இணையத்தில் இசையமைக்கக் கற்றுத்தரும் பயிற்சிக்கு அவ்வளவு பணம் கட்டலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். நான் ஒரு பைசாவும் கட்டிப் படித்தவள் இல்லை. ஆனால் பணம் அனுப்புவதற்கான பாங்க் டி.டி. படிவத்தை நிரப்பிக் கைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தவள். அந்த இரண்டு நாளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

தட்டச்சர் வேலையில் என்னைக் கொல்லிமலைக்கு மாற்றியது தொண்ணூற்றொன்பதில். திருச்சிப் பக்கத்துப் பெண்ணான நான், ஆறு மாதத்தில் எப்படியாவது கீழே ஓடிவிட வேண்டும் என்றுதான் பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்காமல் இருந்தேன். பிரிக்க வைத்தது வாழவந்தி நாட்டுப் பக்கத்தில் இருந்த சின்னத் தேவாலயம். அங்கே ஒரு பழைய ஆர்மோனியம் இருந்தது. வாசிக்க ஆள் இல்லை. நான் வாசிப்பேன் என்று வாயை விட்டேன், அவ்வளவுதான், பாடகர் குழுவே என் தலையில் விழுந்தது. இருக்கிற பாட்டெல்லாம் பாடி முடித்த பிறகு நானே மெட்டுப் போட ஆரம்பித்தேன். கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அறுப்புப் பண்டிகைக்கு ஒன்று என்று ஏழெட்டு வருடத்தில் இருபது மெட்டாவது போட்டிருப்பேன்.

அந்த ஆர்மோனியத்தில் நடுவில் ஒரு கட்டை ஊமை. அழுத்தினால் காற்றுதான் வரும். வருடக் கணக்கில் அதைத் தொடாமலே வாசித்துப் பழகிவிட்டேன்.

புதிதாக ஒரு கீபோர்டு வாங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்காகவே தபால் நிலையத்தில் மாதாமாதம் கட்டிக்கொண்டு வந்தேன். பணம் கைக்கு வந்த சமயத்தில்தான் நாமக்கல்லில் ஒரு பிரவுசிங் சென்டரில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். வீட்டிலிருந்தபடியே இசையமைப்பாளர் ஆகலாமாம். மூன்று நிலைகள், மூன்றையும் சேர்த்து எடுத்தால் சலுகை. அந்தச் சலுகைத் தொகையே என் கீபோர்டுப் பணம் மொத்தத்தையும் விழுங்கிவிடும். ஒன்று கீபோர்டு, இல்லை பயிற்சி. பார்க்காமல் போயிருக்கலாம். ஆனால் முதல் வரியிலேயே ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள்: உங்கள் மெட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றனவா?

சுருக்கென்றது. ஏனென்றால் ஒரே மாதிரிதான் இருந்தன. பாடகர் குழுவில் ஒரு பெண் என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள். "ஏனுங்கக்கா, இது போன வருசத்துப் பாட்டுங்களா, புதுசுங்களா?" எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தது. ஆனால் வீட்டுக்குப் போய்ப் பாடிப் பார்த்தால் அவள் சொன்னது உண்மை.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் ஒருத்தி இருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், சேந்தமங்கலம் பக்கம் சொந்தத் தோட்டங்காடு உள்ள குடும்பம். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் எடுத்த எடுப்பில், "சோளக்காட்டு ரோட்டுல பலாப்பழம் வாங்கறப்ப ஒரு சொளை பிச்சு வாயில போட்டுப் பாக்காம வாங்குவீங்களாக்கா? அவங்ககிட்டயும் ஒரு சொளை கேளுங்க" என்றாள். கேட்காமலே வைத்திருந்தார்கள். ஒரு பாடம் இலவசம். கூடவே ஒரு காதுத் தேர்வும் உண்டு. அதன் மதிப்பெண்ணைப் பார்த்து உங்களுக்கு எது தேவை என்று அவர்களே சொல்வார்களாம்.

அடுத்த சனிக்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கினேன். மூக்கில் கொஞ்சம் சளி. கொல்லிமலை ரோட்டில் எழுபது வளைவு. அந்த பஸ் டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் இரண்டு குட்டை, ஒரு நீளம் என்று ஹாரன் அடிப்பார். ராத்திரி மேலேயே தங்கிக் காலையில் இறங்குகிற வண்டி அது, எங்கள் குவார்ட்டர்ஸுக்குள் இருந்துகொண்டே ஹாரனை வைத்து இன்ன வண்டி என்று சொல்லிவிடுவோம். இறங்கும்போது காது அடைக்கும் என்பதால் பஸ்ஸில் யாராவது ஒரு அம்மா புளிப்பு மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து முன்சீட்டு பின்சீட்டு என்று எல்லோருக்கும் நீட்டுவார். தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்ப்பதில்லை. வாயில் போட்டுச் சப்பி எச்சில் விழுங்கிக்கொண்டே வந்தால் காது திறந்திருக்கும். அன்றைக்கும் ஒருவர் நீட்டினார். "எடுத்துக்க கண்ணு." நான் மனதுக்குள் ஸ்வரம் பாடிக்கொண்டு வந்தேன். பெரிய தேர்வுக்குப் போகிறவள் அல்லவா, மிட்டாய் சப்பிக்கொண்டு போவதா? வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தத் திமிருக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேராகப் பிரவுசிங் சென்டர். முதலில் இலவசப் பாடம். சும்மா சொல்லக்கூடாது, நல்ல பாடம். முகம் காட்டாமல் ஒருவர் நிதானமான குரலில் பேசினார். உங்களைச் சுற்றிக் கேட்கிற ஒரு சத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதை மெட்டில் அப்படியே ஒரு முறை சொல்லுங்கள், பிறகு புரட்டிப் போட்டுச் சொல்லுங்கள் என்றார். அவ்வளவுதான் பாடம்.

பிறகு தேர்வு. பஞ்சு பிய்ந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். இரண்டு ஸ்வரம் ஒலிக்கும், எது மேலே, எது கீழே? மூன்று ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கிறதா, நான்கா? எல்லாம் தலையணைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. வலது காதுக்கு ஒன்று கேட்டால் இடது காதுக்கு வேறு மாதிரி கேட்டது. மேலே திரும்பும் மதிய பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்ற பதைப்பு வேறு. இருபது கேள்வியில் ஏழு சரி.

பத்து நிமிடத்தில் மின்னஞ்சல் வந்துவிட்டது. உங்கள் செவித்திறன் தொடக்க நிலையில் உள்ளது, ஆகையால் மூன்று நிலைகளையும் உள்ளடக்கிய முழுத் தொகுப்பே உங்களுக்கு உகந்தது என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. சலுகை ஐந்து நாளைக்குத்தானாம்.

மலை ஏறுகிற வழியெல்லாம் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஞாயிறு பள்ளியில் பாடிய நாளிலிருந்து எனக்குக் காது உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேனே! இத்தனை வருடம் அந்த மலை ஜனங்களை என் மெட்டுகளைப் பாடச் சொல்லி வதைத்திருக்கிறேனே! இந்த லட்சணத்தில் கீபோர்டு வாங்கி என்ன செய்ய? முதலில் காதைச் சரி செய்ய வேண்டும். மொத்தப் பணத்தையும் பயிற்சிக்கே கட்டிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். முன்பே பாங்கில் வாங்கி வைத்திருந்த டி.டி. படிவத்தை அன்றைக்கே நிரப்பினேன்.

திங்கட்கிழமை காலையில் வலது காது விண்விண்ணென்று வலித்தது. பாங்குக்குப் போவதற்கு முன் மாத்திரை வாங்கிக்கொள்ளலாம் என்று நர்ஸிடம் போனேன். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள்.

"சவ்வு உள்ள இழுத்துக்கிட்டு நிக்குதுங்க. சளியோடவா மலை எறங்கினீங்க? முட்டாய் சாப்பிடலீங்களா?"

"நான் என்ன சின்னப்பிள்ளையா, மிட்டாய் சாப்பிட?" என்று எரிந்து விழுந்தேன். பிறகு அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். ஏழு மதிப்பெண், தொடக்க நிலை, டி.டி., கீபோர்டு கிடையாது.

அவள் என்னைப் பார்த்தாள், பார்த்தாள், அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். ஊசி போட வந்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். "அடக் கடவுளே! அக்கா, மலை எறங்கின காதுல யாராவது பரிச்ச எழுதுவாங்களா? எங்க டாக்டரே கீழ போனா ரெண்டு மணி நேரம் போன் பேச மாட்டாருங்க. காது தொறக்காம நீங்க ஏழு வாங்கினதே பெருசுங்க!"

எட்டு வருடம் அந்த ரோட்டில் ஏறி இறங்கியவள் நான். காது அடைப்பது எனக்குச் செருப்பில் மண் ஒட்டுவது மாதிரி பழகிப்போன விஷயம். அதனாலேயே அன்றைக்கு அது என் நினைவுக்கு வரவில்லை.

டி.டி. படிவத்தை அவள்தான் என் கைப்பையிலிருந்து எடுத்துத் தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினாள். "வெள்ளிக்கெழம சாயந்தரம் எங்கூட கீழ எங்க ஊட்டுக்கு வாங்க. ராத்திரி தூங்கி எந்திரிச்சு, சனிக்கெழம காத்தால போயி எழுதுங்க. அப்பறமும் ஏழுதான்னா நானே படிவத்த எடுத்துத் தாரேன்."

சலுகைக்குக் கடைசி நாள் வியாழன். போனால் போகிறது என்று இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் மிட்டாய் நீட்டிய கையிலிருந்து இரண்டாக எடுத்துக்கொண்டேன். அவள் வீட்டில் அவளுடைய அம்மா, யாரென்று தெரியாத என்னை வாசலிலேயே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். சுடச்சுட சோறும் கொள்ளுப் பருப்பும். "சளிக்கு நல்லது, இன்னங் கொஞ்சம் போட்டுக்க சாமி." மறுநாள் காலையில் பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குச் செய்வதுபோல் என் நெற்றியில் திருநீறு வைக்கக் கையைக் கொண்டுவந்தவர், நான் வேதக்காரி என்பது நினைவுக்கு வந்து, அப்படியே அந்தக் கையால் என் கன்னத்தைத் தடவி அனுப்பினார். அந்தக் கைச்சூடு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நாமக்கல்லுக்கு நர்ஸும் கூடவே வந்தாள். காது கண்ணாடி போல் திறந்திருந்தது. அதே ஹெட்போன், வேறு கேள்விகள். இருபதுக்குப் பதினெட்டு.

நான் நாற்காலியில் துள்ளிய துள்ளலில் பக்கத்தில் ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தவர் பயந்துவிட்டார். மின்னஞ்சலுக்காகக் காத்திருந்தோம். வந்தது. உங்கள் செவித்திறன் மிக உயர்ந்த நிலையில் உள்ளது, ஆகையால் மூன்று நிலைகளையும் உள்ளடக்கிய முழுத் தொகுப்பே உங்களுக்கு உகந்தது. சலுகை இன்னும் ஐந்து நாளைக்கு.

நர்ஸ் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "செவிட்டுக்கும் அதே மருந்து, நல்ல காதுக்கும் அதே மருந்துங்களா? எங்க ஆஸ்பத்திரியில இப்படிக் குடுத்தா தூக்கி உள்ள வெச்சுருவாங்க!"

வந்த கோபத்தில் அந்தக் கம்ப்யூட்டரையே தூக்கிப் போட்டிருப்பேன். பிறகு யோசித்தால் கோபப்பட என்ன இருக்கிறது? கடை வைத்திருப்பவன் விற்கத்தான் பார்ப்பான். அந்த இலவசப் பாடத்தைச் சொன்ன குரல் பொய் சொல்லவில்லை. முழுப் பயிற்சியும் யாருக்காவது பயன்பட்டிருக்கும், மறுக்கமாட்டேன். எனக்கு என்ன தேவை என்பது அவர்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்தது அடுத்த மாதம் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு சேலத்தில் கீபோர்டு கடைக்குப் போனபோதுதான்.

கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்து வாசித்துப் பார்க்கச் சொன்னார். வாசித்தேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஏனுங்க, இந்த ஒரு கட்டைய மட்டும் தொடவே மாட்டேங்கறீங்களே, ஏதாச்சும் வேண்டுதலுங்களா?" என்றார்.

குனிந்து பார்த்தேன். ஆர்மோனியத்தில் ஊமையாய்ப் போயிருந்த அதே கட்டை. இருபது மெட்டும் ஏன் ஒரே மாதிரி இருந்தன என்பது எனக்கு அந்தக் கடையில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் புரிந்தது. விரலை அதன்மேல் வைத்து அழுத்தினேன். சத்தம் வந்தது. கடைக்காரருக்கு முன்னால் கண் கலங்கி நின்றேன், பாவம், விலை அதிகமோ என்று நினைத்து அவராகவே கொஞ்சம் குறைத்தார்.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு இலவசப் பாடத்தில் சொன்னபடிதான் செய்தேன். என்னைச் சுற்றித் தினமும் கேட்கிற சத்தம் எது? முதல் பஸ் ஹாரன். இரண்டு குட்டை, ஒரு நீளம். அதை அப்படியே முதல் வரியில் வைத்தேன். இரண்டாம் வரியில் புரட்டிப் போட்டேன், ஒரு நீளம், இரண்டு குட்டை. அந்த நீளத்தில் என் புதுக் கட்டையை வைத்தேன். யாரிடமும் விவரம் சொல்லவில்லை. பாடகர் குழுப் பெண் பாடிப் பார்த்துவிட்டு, "இது புதுசுதாங்கக்கா" என்றாள். அதற்கே நான் அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு மாலை ஆராதனைக்கு நர்ஸ் வந்திருந்தாள். மேலே தங்கும் வண்டியின் டிரைவரும் கேக்குக்கும் டீக்கும் கூப்பிட்டதற்காக வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்ததும் டீ டம்ளரோடு என்னிடம் வந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினார்.

"தப்பா நெனைக்காதீங்க. அந்த மொத வரி... நம்ம வண்டி ஹாரன் மாதிரி இருக்குதுங்களே?"

"உங்க ஹாரன்தாங்க அது."

அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். கிண்டல் என்று எடுத்துக்கொண்டாரோ என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

மறுநாள் காலையில் தலை வாரிக்கொண்டிருந்தேன். முதல் பஸ் சோளக்காடு ஊரைத் தாண்டி முதல் வளைவுக்குப் போகிற நேரம். ஹாரன் கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நீளம். எட்டு வருடமாகக் கேட்கிற அதே சத்தம். கொஞ்சம் இடைவெளி. அடுத்த வளைவில் ஒரு நீளம், இரண்டு குட்டை.

சீப்பைக் கையில் பிடித்தபடி வெளியே ஓடினேன். பக்கத்து வாசலில் நர்ஸ் ஏற்கெனவே வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்துத் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். கீழே மறுபடியும் ஒரு நீளம், இரண்டு குட்டை கேட்டது. பஸ் இறங்கிச் சத்தம் தேய்கிற வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.