நண்டுக்கும் அலையாத்திக்கும் ஒரே விண்ணப்பம்

காரைக்காலில் நான் வேலை பார்த்த கல்லூரியின் ஆராய்ச்சிப் பிரிவுக்கு நான்தான் கண்காணிப்பாளர். ஒருமுறை பலகையில் ஒரு அறிவிப்பு ஒட்டினோம்: 'இயற்கை அறிவியலில் உயிர்களுக்கிடையிலான உறவுகள் - பிஎச்.டி. வாய்ப்பு.' டைப் அடித்ததும் நானே. அதைப் பார்த்து நிஜமாகவே ஒருவர் விண்ணப்பிப்பார் என்று எங்களில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

திருவேட்டக்குடியிலிருந்து கயல்விழி வந்தாள். அப்பா கடலுக்குப் போகிறவர். ஃபெல்லோஷிப் பரீட்சையில் தேறியிருந்தாள். ஐந்து மாதத்துக்குள் பிஎச்.டி.க்குப் பதிவு செய்யாவிட்டால் அது காலாவதி. அரசலாற்று முகத்துவாரத்தில் நண்டும் அலையாத்தி மரமும் ஒன்றையொன்று எப்படி வாழ வைக்கின்றன என்பது அவள் தலைப்பு.

படிவத்தில் துறைக்கு ஒரே கட்டம். நண்டு விலங்கியல், மரம் தாவரவியல். நான் கடமை தவறாதவன். "ஆய்வுப் பொருள் விலங்கா, தாவரமா? தெளிவுபடுத்துக" என்று கோப்பில் எழுதி அனுப்பினேன்.

விலங்கியல் தலைவர், "மரம் எங்கள் வரம்பில் இல்லை" என்று எழுதினார். தாவரவியல் தலைவி, "நண்டு குறித்துக் கருத்தில்லை" என்றார். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஆனால் ஆய்வகத் தண்ணீர்க் குழாய்த் தகராறுக்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சு கிடையாது, எல்லாம் கோப்பு வழிதான். அந்தச் சுவரைத் தாண்ட ஒரு கோப்புக்குப் பத்து நாள் ஆகும்.

கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது கயல்விழி என் மேசை முன் வந்து நின்றாள்.

"சார், மரத்த எடுத்துட்டு நண்ட மட்டும் வச்சிக்கவா? ஆனா மரம் இல்லாட்டி அது அங்க இருக்காதுங்க சார்."

அவள் அழவில்லை. எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று. கேள்வி எழுதியது நான்.

விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். இரண்டு வழிகாட்டிகள் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. விலங்கியல் தலைவரிடம் ஓடினேன்.

"வச்சிக்கலாம்யா. ஆனா எம் பேருதான் மேல இருக்கணும்."

அடுத்த அறைக்குப் போனேன்.

"அவரு பேருக்குக் கீழ நான் கையெழுத்துப் போடணுமா? வேற ஆளப் பாருங்க."

பேசிப் பயனில்லை. இரண்டு படிவம் டைப் செய்தேன். ஒன்றில் அவர் பெயர் மேலே, இன்னொன்றில் அம்மையார் பெயர் மேலே. இருவரும் மனமகிழ்ந்து கையெழுத்திட்டார்கள். இரண்டையும் சேர்த்து பின் அடித்துக் கயல்விழியிடம் கொடுத்தேன்.

"இதுல எது சார் செல்லும்?"

"ரெண்டுமே செல்லும்மா. யாராச்சும் படிச்சுப் பாத்தாத்தான் ஒண்ணு செல்லாமப் போகும்."

அவளே பஸ் ஏறிப் புதுச்சேரியில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனாள். கெடுவுக்கு முதல் நாள் பதிவு எண் கிடைத்துவிட்டது. யாரும் படித்துப் பார்க்கவில்லை.

பிரிவுக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கோப்பில் கேள்வி எழுதுமுன், பதிலுக்காகக் காத்திருக்கப்போகிறவரின் கடைசித் தேதியைப் பாருங்கள். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போதுதான் எனக்கு இது புரிந்தது. அதற்கு முன் நான் எழுதிய கேள்விகளால் எத்தனை பேர் படிப்பே வேண்டாமென்று வீட்டுக்குப் போனார்கள் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை.