மாமன் மடியில்லாத காதுகுத்து

தினமும் காலையில் ஓவியாவைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்காக நாங்கள் ஏறும் பஸ்ஸின் டிரைவர், ஐம்பது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரர், ஒரே ஒரு காதில் தோடு போட்டிருக்கிறார். இடது காதில் சின்ன வெள்ளி வளையம், வலது காது மூளி. இங்கிலாந்தில் இந்த பெட்ஃபோர்டுக்கு வந்த புதிதில் எனக்கு அது பெரிய அதிசயம். எங்கள் ஊரில் ஒற்றைத் தோட்டோடு யாராவது நடந்தால், இன்னொன்று தொலைந்து போனதா அடகுக் கடைக்குப் போனதா என்று தெருமுனை தாண்டுவதற்குள் நாலு பேர் கேட்டுவிடுவார்கள். இங்கே யாரும் எதையும் கேட்பதில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் கூட்டம் குறைவாக இருந்தபோது, "யார் மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள், உங்கள் மாமாவா?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் முழித்தார். பிறகு, வாலிப வயதில் நண்பர்களோடு கடற்கரைக்குப் போன இடத்தில், குடிபோதையில் ஒருவன் ஊசியால் குத்திவிட்டான் என்றார். "எங்கள் மாமாவுக்கு இன்றுவரை தெரியாது" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார். நான் சிரிக்கவில்லை. இந்த நாட்டில் காது குத்த மாமன் தேவையில்லை என்ற விஷயம் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நாலு வருஷமாக நெஞ்சுக்குள் கங்கு மாதிரி வைத்திருந்த ஒன்றுக்கு வழி தெரிந்துவிட்டது.

ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளும் படிக்கக்கூடும், அதனால் சொல்கிறேன். நம் வழக்கத்தில் குழந்தைக்குக் காது குத்தும்போது அம்மாவின் கூடப்பிறந்தவன்தான் அதை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அவன் சீர்த்தட்டோடு வருவான், மணையில் உட்காருவான், பிள்ளை அவன் மடிக்குப் போகும், அதற்குப் பிறகுதான் ஆசாரி தங்கக் கம்பியைக் கையில் எடுப்பார். அப்பன் மடியோ தாத்தா மடியோ செல்லாது. எனக்கு இருப்பது ஒரே அண்ணன், ராசேந்திரன். திருச்சியில் நர்ஸ் படிப்பு முடித்து வேலை பார்த்த இடத்தில் வேறு சாதிக்காரரை நான் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை.

ஓவியாவுக்கு ஒரு வயது நிறைந்தபோது, எங்கள் குலதெய்வக் கோயிலில் காது குத்த அம்மாதான் ஏற்பாடு செய்தாள். அண்ணனிடம் போய் அழுதிருக்கிறாள். அவனும் "வர்றேன்னு சொல்லு" என்றிருக்கிறான். நான் நம்பினேன். பலகாரம் செய்து, பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை தைத்து, முந்திரிக்காட்டு ஓரமாக இருக்கும் அந்தக் கோயிலுக்குச் சொந்தபந்தம் எல்லோரையும் அழைத்துப் போனேன். மணையைப் போட்டு அதன்மேல் சிவப்புத் துண்டை விரித்து வைத்தோம். வெயில் ஏறியது. கும்பகோணத்துப் பஸ் போனது, விருத்தாசலத்துப் பஸ் போனது, அண்ணன் எதிலும் வந்து இறங்கவில்லை. கடைசியில், "மாமன் மொறையில வேற ஆரும் இருந்தா ஒக்காருங்கப்பா, புள்ள அழுவுது" என்று ஆசாரி சத்தம் கொடுத்தார். சித்தப்பா மகன் ஒருவன் எழுந்து மணையில் உட்காரப் போனான். சுற்றிலும் பெரியவர்கள் பார்த்த பார்வையில், உட்காராமலே வேட்டியைத் தட்டிக்கொண்டு கூட்டத்தோடு போய் நின்றுவிட்டான். அண்ணன் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்ததாகவும், "நல்லா பாத்துக்கிட்டே கெடக்கட்டும்" என்று சொன்னதாகவும் மறுநாள் தெரிந்தது. வரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் மன்னித்திருப்பேன். வருகிறேன் என்று சொல்லி அந்தக் காலி மணையை ஊரே பார்க்கும்படி வைத்தானே, அதைத்தான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அரியலூரைப் பெரம்பலூரிலிருந்து பிரித்துத் தனி மாவட்டம் என்றார்கள். அடுத்த வருஷமே மறுபடியும் சேர்த்துவிட்டார்கள். அரசாங்கத்துக்கே மனசு மாறுகிறது, உன் அண்ணனுக்கும் மாறும் என்று என் வீட்டுக்காரர் ஆறுதல் சொல்லுவார். மாறவில்லை. நாங்கள் இங்கிலாந்துக்கு வந்துசேர்ந்தோம். ஓவியா வெறும் காதோடு வளர்ந்தாள்.

சென்ற கோடையில் அம்மா, ஊர் டெலிபோன் கடையில் இருந்துகொண்டு, மென்று விழுங்கி ஒரு சேதி சொன்னாள். "ஒங்கண்ணன் மவளுக்கு ஆவணி கடைசி ஞாயித்துக்கெழம காதுகுத்து. பெருசா பண்றான். பத்திரிக்கையெல்லாம் அடிச்சாச்சு."

"அத்தைன்னு எம்பேரு போட்டிருக்கா?"

"ஒனக்குத் தெரியாதா செல்வி," என்றாள் அம்மா.

எனக்குத் தெரியும். அதே ஞாயிற்றுக்கிழமைக்கு நான் லண்டனுக்கு ரயில் டிக்கெட் எடுத்தேன். ஊசி போடுவதே என் தொழில், நினைத்திருந்தால் என் வீட்டுச் சமையலறையிலேயே குத்தியிருப்பேன். ஆனால் சமையலறையில் பழி தீர்த்தால் யாருக்குத் தெரியும்? பெரிய கடையில் குத்த வேண்டும், பின்னால் லண்டன் தெரியப் படம் எடுக்க வேண்டும், அந்தப் படம் அவன் வீட்டுக்குத் தபாலில் போக வேண்டும். என் மகளுக்கு மாமன் மடி தேவைப்படவில்லை என்பதை அவன் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும். என் வீட்டுக்காரர், "சின்னப் பிள்ளையை வச்சு உங்க சண்டையைப் போடாத" என்றார். அவருக்கு அன்று வேலை இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஓவியாவிடம் மறைக்கவில்லை. தோடு போட்டுக்கொள்ளலாம், கொஞ்சம் வலிக்கும் என்றேன். அவள் யோசித்து, முதலில் டைனோசர் பார்க்க வேண்டும், மாடி பஸ்ஸில் முன் சீட்டு வேண்டும் என்று பேரம் பேசினாள். ஒப்புக்கொண்டேன். மாடி பஸ்ஸின் முன் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு, எதிரே வரும் மரக்கிளை ஒவ்வொன்றுக்கும் அவள் தலையைக் குனிந்தாள். பாலம் வந்தபோது ஆற்றைப் பார்த்து, "இது நம்ம ஊர் ஆத்தவிடப் பெருசா?" என்று கேட்டாள். கொள்ளிடத்தில் பாதி வராது என்றேன். அது பெருமைக்காகச் சொன்னது இல்லை, உண்மைதான். ஆனால் சொல்லும்போது என் குரலில் பெருமை இருந்ததை நானே கேட்டேன், எரிச்சலாக இருந்தது. ஊர் மேல் எனக்கு இருந்தது கோபம் மட்டும்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மியூசியத்தில் மண்டபம் முழுவதும் நீண்டு நிற்கும் அந்த எலும்புக்கூட்டைத் தலையிலிருந்து வால்வரை இரண்டு முறை சுற்றி வந்துவிட்டு ஓவியா கேட்டாள், "இதுக்குக் காது எங்கம்மா?"

"எலும்புல காது இருக்காது கண்ணு."

"அப்ப இதுக்கு யாரும் குத்த முடியாது," என்றாள். அதைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்பட்ட மாதிரி இருந்தது. நான் மணியைப் பார்த்தேன். இந்நேரம் அங்கே பந்தி முடிந்து இலை எடுத்திருப்பார்கள். அண்ணியின் தம்பி மடியில் அந்தக் குழந்தை உட்கார்ந்து, அழுது, வாழைப்பழத்தைக் கையில் வாங்கிச் சமாதானமாகியிருக்கும். அதற்கு மட்டும் மாமன் வந்திருப்பான். "வா போவலாம்" என்று ஓவியாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் பாசியும் வளையலும் ரப்பர் பேண்டும் விற்கிற பளபளப்பான கடை ஒன்று. வாசலிலேயே காது குத்தப்படும் என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். உள்ளே உயரமான நாற்காலி ஒன்று இருந்தது. இளம்பெண் ஒருத்தி, துப்பாக்கி மாதிரிக் கருவியைத் துடைத்துக்கொண்டே, "நீங்கள்தான் அம்மாவா? அது போதும்" என்றாள். அந்த "அது போதும்" என் காதில் தேனாகப் பாய்ந்தது. இந்த வார்த்தையை அன்று கோயிலில் ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொல்லியிருக்கக் கூடாதா?

நாற்காலியில் நான் உட்கார்ந்து ஓவியாவை மடியில் இழுத்துக்கொண்டேன். அந்தப் பெண், பிள்ளை தனியாகத்தான் உட்கார வேண்டும், மடியில் இருந்தால் அசையும் என்றாள். மடி கட்டாயம் என்றேன். "பயப்படாதீர்கள் அம்மா, ஒரு நொடிதான்" என்றாள் அவள். பயம் எனக்கில்லை என்று புரியவைக்கப் பார்த்தேன். எங்கள் ஊரில் குழந்தையின் மாமா மடியில் வைத்துத்தான் குத்துவார்கள், இன்று அந்த மடி நான்தான் என்று, பாதி வாயாலும் பாதி கையாலும் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. "ஓ, எவ்வளவு அழகான வழக்கம்! மாமா வந்துகொண்டிருக்கிறாரா? வேண்டுமானால் காத்திருக்கலாமே."

நல்ல மனசோடுதான் கேட்டாள். ஆனால் எனக்கு அந்தச் சிவப்புத் துண்டு விரித்த மணை கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. ஐயாயிரம் மைல் தாண்டி வந்தும் இன்னும் அவனுக்காகவா காத்திருப்பேன்? "அவர் வரமாட்டார். செத்துவிட்டார்," என்றேன்.

அவள் என் தோளைத் தொட்டு, ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்றாள், மடியில் வைத்துக்கொள்ளவும் சம்மதித்தாள். அவன் செத்ததற்கு ஒரு வெள்ளைக்காரப் பெண் துக்கம் விசாரித்தாள் என்பதில் எனக்கு அவ்வளவு திருப்தி. ஓவியா மட்டும் கழுத்தைத் திருப்பி, "மாமா எப்ப செத்தாரு?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் டப்பென்று சத்தம் கேட்டது. வலது காதில் தோடு ஏறிவிட்டது.

ஓவியா அலறிய அலறலில் கடையே திரும்பிப் பார்த்தது. என் கையைக் கடித்துவிட்டு, மடியிலிருந்து நழுவி, அத்தனை கூட்டத்துக்குள் தெருவில் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். இந்தத் தெருவில் பிள்ளை தொலைந்தால் யார் பேர் சொல்லிக் கூப்பிடுவது, யாரிடம் கேட்பது? பஸ் நிறுத்தக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். குத்தாத காதை உள்ளங்கையால் இறுக மூடியிருந்தாள். கெஞ்சினேன், மிரட்டினேன், ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். ஐஸ்கிரீமைத் தின்றாள், கையை எடுக்கவில்லை. கடைப் பெண் எங்களைத் தேடி வந்து, மிச்சத் தோட்டைச் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தந்துவிட்டுப் போனாள்.

வந்த வேலையைப் பாதியில் விட்டுப் போகிறவள் நான் இல்லை. சிவப்பு மாடி பஸ் ஒன்று பின்னால் வந்து நிற்கும்வரை காத்திருந்து, ஓவியாவின் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்து, தோடு உள்ள காது மட்டும் தெரிகிற மாதிரி படம் எடுத்தேன். பிரிண்ட் போட்டு, ஒரு வரிகூட எழுதாமல் அண்ணன் விலாசத்துக்கு அனுப்பினேன். ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது.

சில வாரம் கழித்து, அம்மா வந்து காத்திருக்கும் டெலிபோன் கடைக்கு வழக்கம்போல் பேசினேன். எடுத்தது அண்ணன். ஆறு வருஷத்துக்குப் பிறகு கேட்ட குரல்.

"போட்டோ வந்துச்சு," என்றான்.

"வரட்டும்னுதான் அனுப்புனேன்."

"ஏன் ஒரு பக்கமா திருப்பி வச்சு எடுத்திருக்க?"

"அப்புடித்தான் வுழுந்துச்சு."

"பொய் சொல்லாத செல்வி. ஒரு காது குத்துனதும் ஓடியிருக்கும். நீயும் அப்புடித்தான ஓடுன? முந்திரிக்காட்டுக்குள்ள பூந்து ஒன்னயத் தூக்கியாந்தது ஆரு?"

அதை நான் மறந்துவிட்டதாக வைத்திருந்தேன். எனக்கு ஆறு வயது, அவனுக்குப் பன்னிரண்டு. மாமா மடியிலிருந்து எகிறி ஓடியவளைத் துரத்திப் பிடித்து, தோளில் போட்டுத் தூக்கி வந்தான். வழி நெடுக அவன் தோளை நான் கடித்துக்கொண்டே வந்தேன். அடித்திருக்கலாம், அடிக்கவில்லை. உறவினர் எல்லோரையும் ஏமாற்றிவிடலாம் என்று நான் திருப்பி வைத்து எடுத்த படத்தில், தெரியாத காதைப் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். தோற்றுப்போன ஆத்திரம் எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது.

"ஒன்னய இங்க செத்துட்டதா சொல்லி வச்சிருக்கேன்ணே," என்றேன்.

அந்தப் பக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. "சொன்னா சொல்லிட்டுப் போ," என்றான். "அந்த இன்னொரு காத மட்டும் வுட்டு வையி."

போனை வைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டானா? இல்லை. அன்றைக்கு ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னானா? அதுவும் இல்லை. செத்தவன் அதிகாரம் மட்டும் பண்ணுகிறான். பக்கத்தில் நின்ற ஓவியா, "அது செத்துப்போன மாமாவா? என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். "இன்னொரு காத அவருக்கு வுட்டு வைக்கணுமாம்," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். பிளாஸ்டிக் உறையில் இருந்த அந்த ஒற்றைத் தோட்டைக் குப்பையில் போடக் கை ஓங்கினேன். போடவில்லை. மஞ்சள் தூள் டப்பாவுக்குப் பின்னால் இன்னும் கிடக்கிறது.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறும்போது, நீண்ட லீவு முடிந்து அன்றுதான் திரும்பியிருந்த டிரைவர் ஓவியாவின் காதைப் பார்த்துவிட்டுத் தன் காதைத் தட்டிக் காட்டினார். "நாம் ரெண்டு பேரும் ஒரே கட்சி. இன்னொன்று எங்கே?" என்று கேட்டார். இந்த ஊரில் யாரும் எதையும் கேட்பதில்லை என்று மேலே எழுதினேனே, அது பொய்யாகிவிட்டது.

"இது மாமாவுக்கு," என்று குத்தாத காதைத் தொட்டு ஓவியா ஆங்கிலத்தில் சொன்னாள். "அவர் இந்தியாவில் இருக்கிறார்."

"நல்ல மாமாவா?"

ஓவியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்களுக்குப் பின்னால் வரிசை நின்றது. லண்டனில் சொன்ன அதே வார்த்தை என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, ஒரு நொடியில் சொல்லி முடித்திருக்கலாம். இரண்டாவது முறை அவனைக் கொல்ல வாய் வரவில்லை. பாஸைக் காட்டிவிட்டு ஓவியாவை ஜன்னலோரம் உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோடு போட்ட காது கண்ணாடிப் பக்கம் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெறும் காது என் பக்கம் இருந்தது.