பாக்கியம் அக்கா கொச்சி பார்த்த நாள்

சின்னமனூர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பூங்கொடியின் அழைப்பு வந்தது.

"சித்தி, அம்மா போயிட்டாகன்னு ஒருத்தர் ஸ்டேட்டஸ் வச்சிருக்காக. நெசமா?"

எனக்கே அப்போதுதான் தெரியும். விசாரித்துவிட்டு அவளைத் திரும்ப அழைத்து, ஆமாம் என்று சொல்லும்படி ஆனது. காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்திருக்கிறார் பாக்கியம் அக்கா. அவர் ஊரான மார்க்கையன்கோட்டை முழுக்கச் சேதி போயிருந்தது. கொச்சியில் இருக்கும் ஒரே மகளுக்கு யாரும் சொல்லவில்லை.

அக்காவும் நானும் ஒரே அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தோம். அவர் பிரசவ வார்டில் செவிலியர். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். அவருடைய குரல் எங்களோடு இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். வலியில் கத்திய ஒரு பெண்ணைப் புதிதாக வந்த நர்ஸ் அதட்டியபோது, "வலியில இருக்கவகிட்ட நாயம் பேசாதத்தா. கையப் புடிச்சுக்க, போதும்" என்றார். அதையும் மெதுவாகத்தான் சொன்னார்.

வீட்டிலும் அவர் நியாயம் பேசியதில்லை. கூட வேலை பார்த்த மலையாளப் பையனைப் பூங்கொடி கட்டிக்கொண்டபோது, அவள் பெயரை இனி யாரும் எடுக்கக்கூடாது என்றார் அக்காவின் கணவர். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். திராட்சைத் தோட்டக்காரர், சொன்னால் சொன்னதுதான். அக்கா அந்தப் பெயரை வீட்டில் எடுக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் கைப்பேசியை வாங்கிக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போவார். வரும்போது முகம் கழுவியிருப்பார்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு, மருத்துவமனைக்காரர்கள் சேர்ந்து வேன் பிடித்துக் கொச்சிக்குச் சுற்றுலா கிளம்பினோம். முதலில் பெயர் கொடுத்தவர் அக்கா. கிளம்பும் அன்று கணவரும் வந்து வேனில் ஏறிக்கொண்டார். "அவரும் வர்றேன்னுட்டாரு" என்று என் காதில் சொன்னார் அக்கா. குமுளியில் டீ குடிக்க நிறுத்தியபோது என் கைப்பேசியை வாங்கி மகளிடம் பேசினார்.

ஃபோர்ட் கொச்சியில் எங்களுக்கு ஒரு வழிகாட்டி கிடைத்தார். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் இளைஞர். கடற்கரையில், கரையிலிருந்தே இறக்கி ஏற்றும் சீன மீன்வலைகளைக் காட்டி அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் எங்கள் கூட்டத்தில் வந்து நின்றாள். வேடிக்கை பார்க்க வந்தவளைப் போல வலையையே பார்த்தபடி, மெல்ல நகர்ந்து அக்காவின் தோளோடு தோள் உரச நின்றாள். மாமா கூட்டத்துக்கு முன்னால் கடலைப் பார்த்து நின்றார்.

வழிகாட்டி அடுத்த இடத்துக்குக் கிளம்பப் பார்த்தார். எதையும் வாய்விட்டுக் கேட்காத பாக்கியம் அக்கா அப்போது கேட்கத் தொடங்கினார். "தம்பி, இத எத்தன பேரு இழுக்கணும்? இந்தக் கல்லு எதுக்குத் தொங்குது? மழைக்காலத்துலயும் மீனு விழுகுமா?" கேள்வி முன்னால் போக, அவருடைய வலது கை முந்தானைக்குள்ளிருந்து நீண்டு பேரனின் பாதத்தைப் பிடித்திருந்தது.

"சேச்சிக்கு எல்லாம் அறியணும், அல்லே?" என்று மகிழ்ந்துபோனார் அந்தப் பையன்.

"இன்னொருக்கா எறக்கச் சொல்லுங்க தம்பி. சரியாப் பாக்கல."

வலை மறுபடி இறங்கி ஏறியது. பூங்கொடி குனிந்தே நின்றாள். மாமா திரும்பினார். பார்த்தாரா, இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. "வண்டிக்கு நேரமாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அடுத்து நாங்கள் பார்த்த தேவாலயமும் அரண்மனையும் என் நினைவில் இல்லை. திரும்புகையில், மலையிறங்கும்போது, "அந்த வலையில அப்படி என்னத்தக் கண்ட?" என்று கேட்டார் மாமா.

"மீனுதேன்" என்றார் அக்கா.

அதன்பின் எந்தப் பயணத்துக்கும் மாமா அக்காவை அனுப்பவில்லை.

அக்கா இறந்த அன்று, பூங்கொடி கிளம்பிவிட்டாள் என்று மாமாவிடம் சொன்னேன். "பொழுது எறங்குது, எடுத்துருங்க" என்று பங்காளிகளிடம் சொன்னார்.

"மாமா, கம்பம் தாண்டிட்டா. இந்தா வந்துருவா."

எடுத்துவிட்டார்கள். ஊர்வலம் தெருமுனை திரும்பும்போது எதிரே கார் வந்து நின்றது. பூங்கொடி குழந்தையோடு இறங்கி ஓடிவந்தாள். பாடை தூக்கியவர்கள் யாரையும் கேட்கவில்லை; நடுத்தெருவில் இறக்கி வைத்தார்கள். அவள் அம்மாவின் முகத்தில் முகம் வைத்து அழுதாள். மாமா வாய்க்கால் பக்கம் திரும்பி நின்றார். தூக்குங்கள் என்று அவரும் சொல்லவில்லை. அழுது முடித்து அவள் எழுந்த பிறகே ஊர்வலம் நகர்ந்தது. வீட்டுக்குள் வராமல் அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

இப்போதும் பூங்கொடி என்னோடு பேசுகிறாள். பையன் பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டான், தமிழும் பேசுகிறான், சிரித்தால் அக்காவைப் போலவே கன்னம் குழிகிறது. சந்தைக்குப் போகிறபோது மாமாவைப் பார்ப்பேன். தலையசைப்பார், ஒன்றும் கேட்க மாட்டார். நானாகவும் சொல்வதில்லை. பாக்கியம் அக்கா என்னிடம் விட்டுப்போனவை இந்தச் சேதிகள்தான். மாமா கேட்கிற அன்றைக்குச் சொல்ல, ஒன்றுவிடாமல் வைத்திருக்கிறேன்.