ஈசானிய மூலையில் நின்ற பயிர்

எங்கள் அண்ணன் ஆத்மநாதனுக்கு ஊரில் எதிரி என்று யாரும் கிடையாது. அந்த வேலையை அவர் வாயே பார்த்துக்கொள்ளும்.

நான் செவந்தி, அவருடைய ஒரே தங்கை. வாக்கப்பட்டதும் அதே ஊரில்தான். அரிமளத்துக்குப் பக்கத்தில் அவர் வயலுக்கும் என் வயலுக்கும் நடுவே ஒரே ஒரு வரப்பு. அதனால் அவர் செய்கிற கூத்தெல்லாம் முதலில் என் கண்ணில்தான் விழும். உழைப்பில் அவரைக் குறை சொல்ல முடியாது. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஒருமுறை போய்விட்டு, நடவு தொடங்கியதும் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்த ஆள். ஆனால் வீம்பு பிடித்தவர். பொங்கல் பரிசுக்குக்கூட ரேஷன் கடை வரிசையில் நின்றதில்லை. அண்ணி அமிர்தவல்லிதான் நிற்பாள். அவள் வாங்கிவந்த கரும்பை மட்டும் முதல் ஆளாகக் கடிப்பார்.

போன வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. கண்மாயில் மாடு குளிப்பாட்டக்கூடத் தண்ணீர் சேரவில்லை. நட்ட சம்பா கதிர் பிடிக்கும் முன்பே கருகிவிட்டது. அரசாங்கம் வறட்சி நிவாரணம் கொடுக்கப்போகிறது, அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை பயிரை அப்படியே விட்டு வையுங்கள் என்று ஊருக்குச் சேதி வந்தது.

ராசுவின் டீக்கடையில் அன்று அதுதான் பேச்சு. சிங்கப்பூரில் வேலை பார்த்து முடித்து, வீடு கட்டி ஊரோடு தங்கிவிட்ட திருமுருகன், "சும்மா காசு குடுத்துக் குடுத்தே விவசாயியக் கெடுத்துட்டாங்க. என் கம்பெனி மூடுனப்ப எனக்கு யாரு நிவாரணம் குடுத்தா?" என்று கேட்டிருக்கிறான்.

எங்கள் அண்ணன் சும்மா இருந்திருக்கலாம். "சரியாத்தான் சொல்ற மாப்ள. செத்த பயிரக் காட்டிக் கைய நீட்டுறது பிச்சை எடுக்குற மாதிரிதான்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெல் விளைந்தால் ஊரே சாப்பிடுகிறது. கருகினால் மட்டும் அது எங்கள் வீட்டுத் துக்கமா? நாங்கள் என்ன மழையை மறித்தா வைத்தோம்?

பேச்சோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. இரண்டு நாளில் கொஞ்சம் தூறல் விழுந்தது. மாட்டை அவிழ்த்துவிட்டுக் கருகிய பயிரை மேயவிட்டார். மிச்சத்தைப் பவர் டில்லர் வைத்து உழுது மடக்கிவிட்டார். நான் ஓடிப்போய்க் கேட்டதற்கு, "ஈரம் இருக்கு தாயி, எள்ளு வெதைக்கப் போறேன்," என்றார். எள் முளைக்கவே இல்லை. ஊரில் எல்லார் வயலிலும் காய்ந்த பயிர் சாட்சிக்கு நிற்க, அவர் வயல் மட்டும் வெறும் மண்ணாகக் கிடந்தது.

அடி எங்கே விழுந்தது என்றால் அண்ணியின் மாட்டில். செவலை என்று ஒரு கறவைப் பசு. அதன் பால்தான் காலையும் மாலையும் ராசு கடைக்குப் போகும். பயிர் போன வருஷத்தில் அந்த வீட்டில் உலை வைத்தது அந்தப் பால் ஒன்றுதான். அறுப்பு இல்லாததால் வைக்கோல் இல்லை. வெளியில் வாங்கலாம் என்றால் விலையைக் கேட்டாலே தலை சுற்றியது. மாட்டுத் தரகர் இரண்டு முறை வந்து விலை பேசிவிட்டுப் போனார். நிவாரணம் வந்தால் தீவனம் வாங்கி மாட்டை நிறுத்திக்கொள்ளலாம். வராவிட்டால் செவலை சந்தைக்குப் போய்விடும்.

"அதிகாரிங்க வந்துட்டுப் போகட்டும், அதுக்கப்பறம் சொல்றேன்னு தரகர்கிட்டச் சொல்லிருக்கேன்," என்றாள் அண்ணி. "ஒங்கண்ணன் உழுது வச்சிருக்கிற லட்சணத்துக்கு அவங்க வந்துதான் என்ன ஆகப்போகுது செவந்தி?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அதிகாரிகள் வந்த அன்று வேளாண்மை அலுவலகத்திலிருந்து சிவரஞ்சனி என்கிற பெண்ணும் எங்கள் வி.ஏ.ஓ.வும் வரப்பு வரப்பாக நடந்தார்கள். என் வயலைப் பார்த்து எழுதிக்கொண்டதும், நான் விடாமல் அண்ணன் வயலுக்கு அழைத்துப் போனேன். அண்ணன் வரமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்.

சிவரஞ்சனி வெறும் மண்ணைப் பார்த்துவிட்டு நின்றாள். "அக்கா, இங்க பயிரே இல்லையே. நான் என்னன்னு எழுதுறது?"

"சம்பா நட்டதுதாங்க. வி.ஏ.ஓ. சாருக்கே தெரியும்."

"நட்டது கணக்குல இருக்கு," என்றார் வி.ஏ.ஓ. "கருகுனதக் கண்ணால பாத்தாத்தானம்மா எழுத முடியும்?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அவர்கள் திரும்பி நடந்தார்கள். எனக்கு அண்ணன்மேல் வந்த ஆத்திரத்தில் கண்ணீர் முட்டியது. செவலையை வண்டியில் ஏற்றுவதைப் பார்க்க அண்ணியால் முடியாது, என்னாலும் முடியாது.

அந்த நேரம் பார்த்து அண்ணன் மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதிகாரிகள் பார்த்து முடித்ததும் என் வயலில் மேய்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அவர்கள் போயிருப்பார்கள் என்று நினைத்து வந்தவர், எங்களைக் கண்டதும் கூசிப்போய் நின்றார். கயிற்றில் பிடி தளர்ந்தது. செவலை உருவிக்கொண்டு உழுத வயலுக்குள் இறங்கி, வடகிழக்கு மூலையைப் பார்த்து நேராக ஓடியது.

"ஏய், அங்கிட்டுப் போவாத! அது சாமிக்குள்ளது!" என்று கத்திக்கொண்டு அண்ணன் பின்னாலேயே ஓடினார்.

சிவரஞ்சனி திரும்பிப் பார்த்தாள். "அங்க என்னக்கா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் குடும்பத்தில் நடவின்போது முதல் நாற்று முடியை ஈசானிய மூலையில்தான் நடுவோம். அதில் விளையும் முதல் கதிர் அய்யனாருக்கு. அதை அறுத்துக் கோயிலில் வைக்கும்வரை அந்த மூலையில் ஏர் போகாது, மாடும் மேயாது. என் வயலில் நான் அதை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. அண்ணன் விடவில்லை. கதிரே பிடிக்காத பயிருக்கும் அந்த மூலையை ஒதுக்கிவிட்டுத்தான் டில்லரைத் திருப்பியிருக்கிறார். ஒரு கட்டில் அகலத்துக்குச் சம்பா அங்கே கருகி, வரப்பின் காய்ந்த புல்லோடு புல்லாகக் கண்ணில் படாமல் நின்றது.

சிவரஞ்சனி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிகளுக்குள் இறங்கினாள். ஒரு தூரைப் பிடுங்கிப் பார்த்தாள். உழுத மண்ணைக் கிளறினாள். அதற்குள்ளும் அதே காய்ந்த வேர்கள். "சார், வந்து பாருங்க. ரெண்டும் ஒரே பயிர்தான்," என்று வி.ஏ.ஓ.வைக் கூப்பிட்டாள். பிறகு அண்ணனைப் பார்த்து, "ஏன் ஐயா அவசரப்பட்டு உழுதீங்க?" என்று கேட்டாள்.

அண்ணன் பிடித்து நிறுத்திய மாட்டின் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "தப்புதாம்மா," என்றார்.

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவரை அந்தப் பயிருக்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். செவலையும் அதில் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. வி.ஏ.ஓ. எழுதிக்கொண்டார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அண்ணி அன்று சாயங்காலமே தரகரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

பணம் வர வைகாசி ஆனது. அதுவரை பனை ஓலையைக் கிழித்துப் போட்டு மாட்டை இழுத்துப் பிடித்தார்கள். விலா எலும்பு தெரிந்தது, பாலும் பாதியானது, ஆனாலும் வற்றிப்போகவில்லை. வங்கியில் பணம் ஏறிய மறுநாளே அண்ணன் ஆலங்குடிப் பக்கம் போய் ஒரு வண்டி கடலைக்கொடி ஏற்றிவந்தார். வந்த பணம் அதோடு சரி, மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. செவலை அதைத் தின்கிற சத்தத்தை அண்ணி தொழுவத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சில நாள் கழித்து, அண்ணிக்குக் கால்வலி என்று நான் ராசு கடைக்குப் பால் கொண்டுபோனேன். அண்ணனும் திருமுருகனும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். திருமுருகன் கையில் டீ கிளாஸ்.

"என்ன மாமா, பணம் ஏறிருச்சாம்ல? அன்னைக்குப் பிச்சைன்னீங்க," என்று சிரித்தான்.

போச்சு, மறுபடியும் வாயை விடப்போகிறார் என்று நான் பயந்தேன்.

அண்ணன் நிதானமாகத்தான் சொன்னார். "சொன்னேன் மாப்ள, இல்லங்கல. ஒன் கையில இருக்கிற டீ எந்த மாட்டுப் பாலு, தெரியுமா?"

திருமுருகன் கிளாஸைப் பார்த்தான். பிறகு என் கையில் இருந்த தூக்குவாளியைப் பார்த்தான்.

"அந்தப் பணம் வரலேன்னா நீ இன்னைக்குக் கட்டங்காப்பிதான் குடிச்சிருப்ப," என்றார் அண்ணன். "குடி, ஆறிடப் போகுது."