பம்பரத்தின் ஷிஃப்டில் மட்டும்

பம்பரம் என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. பஸ் கண்டக்டராக இருந்தபோது டிப்போ ஆட்கள் வைத்தது. முன்படிக்கும் பின்படிக்கும் நடுவே மனிதர் ஒரு நிமிடம் சும்மா நின்று யாரும் பார்த்ததில்லை. டிக்கெட் கிழித்துக்கொண்டே கைக்குழந்தைக்காரியின் பையை வாங்கி மேலே வைப்பார், மழை வந்தால் ஜன்னலை இறக்குவார், தூங்கி வழிகிறவரைத் தட்டி எழுப்பி அவர் ஸ்டாப்பில் இறக்கி விடுவார். பிறகு டிக்கெட்டுக்கு மெஷின் வந்தது. கண்டக்டர்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய ஆளுக்கு யார் வேலை தருவார்கள்? அலையாய் அலைந்து, கடைசியில் ஒரு பெரிய வீட்டுச்சாமான் கடையில் கேமரா அறை வேலை கிடைத்தது.

வேலை இதுதான். ஒரு சின்ன அறை, ஒரு மேசை, ஒரு பெரிய மானிட்டர். கடை முழுவதும் அதில் கட்டம் கட்டமாகத் தெரியும். உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவர் மனைவிக்கு சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கட்டின நாளிலிருந்து இந்த மனுஷன் சேர்ந்தாற்போல ஒரு வாய் சோறு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை, இனியாவது உட்காரட்டும் என்றாள். அதோடு நிற்காமல், வேலையில்லாமல் வீட்டில் சுருண்டு கிடந்த தன் தம்பியையும் அங்கேயே சேர்த்துவிடச் சொல்லி நச்சரித்தாள். பம்பரமும் மேனேஜரம்மாவிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். நல்ல பையன், சொன்ன இடத்தில் சொன்னபடி உட்கார்ந்திருப்பான் என்று உத்தரவாதம் வேறு கொடுத்தார். காலை ஷிஃப்டு மாமாவுக்கு, மதிய ஷிஃப்டு மச்சினனுக்கு என்று ஆயிற்று.

கொஞ்ச காலம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பழைய பிளாஸ்டிக் நாற்காலி உடைந்து, கடையின் ஃபர்னிச்சர் பிரிவிலிருந்தே ஒரு சுழல் நாற்காலி வந்தது. விசையை இழுத்தால் புஸ்ஸென்று இறங்கும், ஏறும். யாரோ வாங்கிப் போய், நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தது. மச்சினனுக்கு அதைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்த வாரம்தான் மானிட்டரும் வேலையைக் காட்ட ஆரம்பித்தது.

பளிச்சென்று ஓடிக்கொண்டிருக்கும் படம் திடீரென்று இருண்டு போகும். கறுப்பு நடுவே ‘சிக்னல் இல்லை’ என்று எழுத்து வரும். மூன்று மூச்சு விடுவதற்குள் ஒன்றுமே நடக்காதது போலப் படம் திரும்பி வரும். சும்மா போய்த் தொலைந்தாலும் பரவாயில்லை. பாழாய்ப்போனது சரியாகக் காரியம் நடக்கிற நேரமாகப் பார்த்துப் போயிற்று. ஒரு குழந்தை அம்மாவைத் தொலைத்துவிட்டு வாளி அடுக்கின் நடுவே அழும். பம்பரம் துள்ளி எழுவார், படம் போய்விடும். தள்ளுவண்டியை யாரோ வழியில் விட்டிருப்பார்கள், வயதானவர் ஒருவர் அதை நோக்கியே நடந்து வருவார். பம்பரம் எழுவார், படம் போய்விடும். இது என்னடா கண்ணேறு என்று தோன்றி, மானிட்டரை ஒரு முறை முறைத்துவிட்டு ஓடுவார்.

போய் மேனேஜரம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். ஏதாவது நடந்தால் மட்டும் படம் போகிறது, ஒன்றும் நடக்காவிட்டால் ஒழுங்காக இருக்கிறது என்றார். இதைவிட மோசமாக ஒரு மனிதன் தன்னைத்தானே மாட்டிவிட முடியுமா? அந்த அம்மா கண்டிப்பான ஆள். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர்காரரை வரவழைத்தார்.

கம்ப்யூட்டர்காரர் நல்ல உழைப்பாளி. மேசைக்கு அடியில் தவழ்ந்து பிளக்கைப் பிடுங்கிச் செருகினார். கேபிளின் இரண்டு முனைகளையும் ஆட்டினார், அசைத்தார். படம் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றது. பழைய கேபிள் வந்த அதே பெட்டியிலிருந்து இன்னொரு கேபிளை எடுத்து மாற்றினார். அப்போதும் பம்பரத்துக்குப் படம் போயிற்று. பில் போடும் இடத்து மானிட்டரை இங்கே வைத்து, இங்கிருந்ததை அங்கே வைத்தார்கள். அங்கே போனது சமர்த்தாக ஓடியது. இங்கே வந்தது மறுநாளே கண்ணை மூடியது. ரெக்கார்டரைத் திருப்பிப் பார்த்தால், அதில் ஒரு இடத்தில்கூட இருட்டு இல்லை, எல்லாம் பதிவாகியிருந்தது. கம்ப்யூட்டர்காரர் கையை விரித்தார். மானிட்டரில் குற்றமில்லை, கேபிளில் குற்றமில்லை, ரெக்கார்டரில் குற்றமில்லை. மிச்சம் அந்த அறையில் இருப்பது யார்?

மச்சினனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவன் ஷிஃப்டில் ஒரு தடவைகூடப் போகவில்லையாம்.

மேனேஜரம்மா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"உங்களுக்கு உக்கார முடியல. வெளிய சுத்தணும்னு நீங்களே கேபிளைக் கழட்டிவிடுறீங்கன்னு நினைக்கிறேன். நாளைக்கு நானே வந்து உக்காந்து பாப்பேன். அது நெசம்னா, நாளையோட வேலை முடிஞ்சது."

அன்று வீட்டில் பம்பரம் சாப்பாட்டை உட்கார்ந்தே சாப்பிட்டார். அதைப் பார்த்துத்தான் மனைவி பயந்து போனாள். இந்த வேலையும் போனால் அடுத்தது எங்கே என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கேபிளைக் கழற்றினேன் என்று ஒரு சொல் தன் மேல் விழுந்ததுதான் அவர் மனசை ரொம்பவே அறுத்தது.

மறுநாள் மேனேஜரம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பம்பரம் இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து, போட்டோ எடுக்கிற மாதிரி விறைத்து உட்கார்ந்தார். எழக் கூடாது என்று சங்கல்பம். படம் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு சிமிட்டல் இல்லை. மேனேஜரம்மா வாட்சைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். நான் இருந்தால் மட்டும் போகவில்லையே என்று சொல்லிக்கொண்டே எழப் போனார். பம்பரத்துக்கு மானிட்டரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. போய்த் தொலையேன் தாயே என்று மனசுக்குள் கெஞ்சினார்.

அந்த நேரம் பார்த்து, கட்டில் பிரிவில் ஒரு வாண்டு நிறுத்தி வைத்த அலமாரியின் தட்டுகளில் கால் வைத்து ஏறிக்கொண்டிருந்தது. அம்மாக்காரி திரும்பி நின்று மெத்தையை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலமாரி லேசாக முன்னே சாய்ந்தது. வேலையாவது மண்ணாவது, பம்பரம் எழுந்து பாய்ந்தார். படம் படக்கென்று இருண்டது.

மேனேஜரம்மா அப்போது பார்த்தது கேபிளை இல்லை, அவர் கைகளை. இரண்டும் காற்றில் இருந்தன.

குழந்தையை இறக்கி அம்மாக்காரியிடம் கொடுத்துவிட்டு பம்பரம் மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது, மேனேஜரம்மாவே அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்தார், படம் போயிற்று. உட்கார்ந்தார், வந்தது. மறுபடி எழுந்தார், மறுபடி போயிற்று. கண்டிப்பான அந்த அம்மா சின்னப் பிள்ளை போல நான்கைந்து தடவை எழுந்து உட்கார்ந்து, கடைசியில் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பம்பரத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போட்டார்கள். அவர் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் போனிலேயே கேட்டது. ஏசி அறையில் அந்த மாதிரி நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்தால் துளி மின்சாரம் கிளம்புமாம். மலிவான மெல்லிசுக் கேபிள் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் தடுமாறிவிடுமாம். தான் மாற்றிப் போட்டதும் அதே மெல்லிசுதான் என்று ஒப்புக்கொண்டார். நாளைக்கே தடித்த கேபிள் கொண்டுவந்து போட்டால் தீர்ந்தது என்றார். பம்பரம் மேனேஜரம்மாவுக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மாவோ, தப்பா நினைச்சிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

சொன்னவர் அப்படியே நின்றார். நாற்காலியைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல வடிந்தது.

பம்பரத்துக்கு அவர் நினைப்பது புரிய ஒரு வினாடி ஆயிற்று. புரிந்ததும் பகீரென்றது. நாற்காலி ஒன்றுதான், காலையிலும் அதுதான், மதியமும் அதுதான். ஐயோ, அவன் அக்காவிடம் போய் என்ன சொல்வது?

ஷிஃப்டு மாறும் நேரம். மச்சினன் நன்றாகச் சாப்பிட்ட முகத்தோடு உள்ளே வந்தான். கையில் ஒரு சின்னத் தலையணை. இடுப்புக்கு என்று முன்பே சொல்லி வைத்திருந்தான். மேனேஜரம்மாவைக் கண்டதும் வணக்கம் சொல்லிவிட்டு, நாற்காலியில் வசதியாக அமர்ந்து விசையை இழுத்துக் கொஞ்சம் கீழே இறங்கினான். பம்பரம் கண்ணைக் காட்டினார், தலையை ஆட்டினார், செருமினார். அவன் எதையும் பார்ப்பதாக இல்லை.

"மாமான்னு பாக்காம சொல்றேன் மேடம்," என்றான். "என் ஷிஃப்ட்ல இதுவரைக்கும் ஒரே ஒரு தடவைகூடப் படம் போனது கிடையாது."

மேனேஜரம்மா கம்ப்யூட்டர்காரருக்கு மறுபடி போன் போட்டார்.

"அந்தக் கேபிளை மாத்த வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

பம்பரம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மச்சினன் தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்து, பெருந்தன்மையாகத் தலையாட்டினான்.

"அதானே மேடம். நல்லா ஓடுறதை எதுக்கு மாத்தணும்?"